செல்லுலார் சிறையை அதன் வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்பது எப்படி

அந்தமானுக்குச் செல்லும் தமிழ்ப் பயணிகளில் பலர் போர்ட் பிளேரில் இறங்கிய அன்று பிற்பகலிலேயே செல்லுலார் சிறைக்குப் போய், ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்து, மாலையில் ஒலி ஒளிக் காட்சியையும் கண்டுவிட்டு, மறுநாள் காலை ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல் ஏறிவிடுகிறார்கள். இப்படிப் பார்ப்பவர்களுக்கு அந்தச் சிறையின் வரலாற்றில் முப்பது ஆண்டுகள் மட்டுமே கிடைக்கின்றன. அந்த முப்பது ஆண்டுகளிலும் ஏழெட்டுப் பெயர்களைத் தவிர வேறு எதுவும் நினைவில் தங்குவதில்லை. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட அந்த ஊரில் இரண்டு முழு நாள்களை ஒதுக்க முடிந்தால், இந்தக் கட்டடம் ஏன் கட்டப்பட்டது, அதற்குள் யார் யார் அடைக்கப்பட்டார்கள், அதன் பெரும்பகுதி எப்படி மறைந்தது என்பதை அந்தந்த இடத்தில் நின்றே புரிந்துகொள்ள முடியும். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: சிறைக் கட்டடத்தைக் கடைசியில் பாருங்கள்.

காரணம் எளிது. கட்டுமானம் தொடங்கியது 1896-ல், முடிந்தது 1906-ல். ஆனால் ஆங்கிலேயர்கள் அந்தமானைக் கைதிகளின் தீவாக்கியது 1858-ல். ஆகவே, கட்டடம் எழுந்து முடிவதற்கு 48 ஆண்டுகளுக்கு முன்பே, மதிலோ கொட்டடியோ இல்லாமல், கடலையே மதிலாகக் கொண்டு ஒரு சிறை அங்கே நடந்துகொண்டிருந்தது. அந்தப் பழைய சிறையைப் பார்க்காமல் புதிய சிறையைப் பார்த்தால், அதன் ஒவ்வொரு செங்கல்லும் எந்தக் கணக்கில் வைக்கப்பட்டது என்பது விளங்காது.

போவதற்கு முன் செய்ய வேண்டியவை

நான்கு காலக்கட்டங்களை மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். 1858 முதல் 1906 வரை திறந்தவெளிக் கைதிக் குடியிருப்பின் காலம். 1906 முதல் 1921 வரை செல்லுலார் சிறையின் முதல் கட்டம். ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் செயல்பட்டவர்கள் மீது தொடரப்பட்ட அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு, நாசிக் வழக்கு, லாகூர் சதி வழக்கு ஆகியவற்றில் தண்டிக்கப்பட்டவர்கள் இந்தக் காலத்தவர்கள். 1932 முதல் 1938 வரை இரண்டாம் கட்டம். சிட்டகாங் ஆயுதக் கிடங்குத் தாக்குதலில் ஈடுபட்டவர்களும் பகத்சிங்கின் தோழர்களும் இந்தக் காலத்தில் அடைபட்டிருந்தார்கள். 1942 மார்ச் முதல் 1945 அக்டோபர் வரை ஜப்பானியர் ஆட்சி. சிறைக்குள் எந்தப் பொருளைப் பார்த்தாலும், எந்தப் பெயரைப் படித்தாலும், இது இந்த நான்கில் எதைச் சேர்ந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வழிகாட்டிகள் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கலந்து சொல்லிவிடுவார்கள். 1911-ல் இருந்த ஜெயிலரையும் 1933-ல் நடந்த உண்ணாநோன்பையும் ஒரே காட்சியில் வைத்துப் பார்க்கும் குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சென்னையில் இருப்பவர்கள் கிளம்புவதற்கு முன் ஒரு மாலை கிண்டி காந்தி மண்டப வளாகத்துக்குப் போய், அங்கே வைக்கப்பட்டிருக்கும் வ.உ.சிதம்பரனார் இழுத்த செக்கைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. அவருக்கு 1908 ஜூலையில் திருநெல்வேலியில் விதிக்கப்பட்டது இரட்டைத் தீவாந்தர தண்டனை, அதாவது கடல் கடந்து நாடு கடத்தும் ஆயுள் தண்டனை இரண்டு. மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டதால், கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலுமாக அவருடைய சிறைவாசம் கழிந்தது. குறைக்கப்படாமல் போயிருந்தால், அவரைச் சுமந்து செல்லக் காத்திருந்த இடம் அந்தமான்தான். அந்தச் செக்கின் கனத்தைக் கண்ணால் அளந்துவிட்டுப் போகிறவருக்கு, செல்லுலார் சிறையின் பணிக்கூடத்தில் காணப்போவது அந்நியமாக இருக்காது.

முதல் நாள்: தீவுகளும் மலையும்

முதல் நாள் காலையில் ராஸ் தீவுக்குப் போங்கள். 2018 முதல் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர். 1858 மார்ச் 10 அன்று, ஆக்ராச் சிறையை நடத்திய அனுபவம் கொண்ட மருத்துவர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர், 1857 எழுச்சியில் தண்டிக்கப்பட்ட 200 கைதிகளோடு கப்பலில் வந்து இறங்கினார். முதலில் குடியேற்றப்பட்ட சாத்தம் தீவில் குடிநீர் போதவில்லை என்பதால், தலைமையிடம் ராஸ் தீவுக்கு மாறியது. கைதிகள் காட்டை வெட்டி, கல் சுமந்து, அதிகாரிகளுக்கான மாளிகைகளையும் தேவாலயத்தையும் ரொட்டிக்கூடத்தையும் கட்டினார்கள். 1941 நிலநடுக்கத்துக்குப் பின் கைவிடப்பட்ட அந்தச் சுவர்களை இன்று மரவேர்கள் பிடித்திருக்கின்றன. பயணிகள் படம் எடுப்பது அந்த வேர்களைத்தான். நீங்கள் அவற்றுக்குப் பின்னாலிருக்கும் அறைகளின் அளவைக் கவனியுங்கள். மறுநாள் கொட்டடிக்குள் நிற்கும்போது, இந்த அறைகளின் விரிவு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

வந்திறங்கிய சில மாதங்களிலேயே, இந்தக் காட்டுக்கு அப்பால் பர்மா தரைவழியாகவே இருக்கிறது என்று நம்பிக் கைதிகள் தப்பியோடினார்கள். பிடிபட்டவர்களில் 80-க்கும் மேற்பட்டோரை வாக்கர் ஒரே நாளில் தூக்கிலிட்டார். இந்தச் செய்தியை விடுதலைப் போரின் தியாக வரிசையில் அரிதாகவே கேட்கிறோம். அவர்களுடைய பெயர்களைச் சலவைக்கல்லில் பொறித்து வைக்க யாரும் முன்வராததே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

அதே தீவுகளின் பூர்வகுடிகளான பெரும் அந்தமானியர்களை மறந்துவிட்டு இந்த வரலாற்றை யாரும் முழுமையாகச் சொல்லிவிட முடியாது. தங்கள் காடு வெட்டப்படுவதை எதிர்த்து 1859 மே 14 அன்று அவர்கள் அபர்டீனில் தாக்கினார்கள். அவர்களோடு ஓராண்டு வாழ்ந்த துத்நாத் திவாரி என்ற தப்பியோடிய கைதி முன்கூட்டியே எச்சரித்துவிட்டதால், அந்தத் தாக்குதல் தோற்றது. பின்னர் 1877-ல் பரவிய தட்டம்மை உள்ளிட்ட நோய்களால் அந்த இனம் சரிந்து, 1901 கணக்கெடுப்பில் 625 பேராகக் குறைந்தது. கைதிகளுக்குத் தண்டனைத் தீவாக இருந்த நிலம் அவர்களுக்குத் தாய்மண். இரண்டு துயரங்களையும் ஒருசேரப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

பிற்பகலில் வைப்பர் தீவுக்குப் படகு செல்கிறதா என்று படகுத்துறையில் விசாரியுங்கள். செல்கிறது என்றால் தவறவிடாதீர்கள். செல்லுலார் சிறை வருவதற்கு முன், தப்பியோடியவர்களும் கட்டளையை மீறியவர்களும் சங்கிலியில் பிணைக்கப்பட்டு அடைக்கப்பட்ட இடம் அது. மேட்டின் உச்சியில் சிவந்த செங்கல்லால் ஆன தூக்குமேடைக் கட்டடம் இன்னும் நிற்கிறது. 1872 பிப்ரவரி 8 அன்று, ஹாரியட் மலையடிவாரத்திலுள்ள ஹோப்டவுன் துறையில் வைஸ்ராய் மேயோ பிரபுவைக் குத்திக் கொன்ற ஷேர் அலி அஃப்ரிதி தூக்கிலிடப்பட்டது இந்தத் தீவில்தான். அவர் கலகத்தில் ஈடுபட்டுத் தண்டனை பெற்றவர் அல்லர். பெஷாவரில் காவல் பணியில் இருந்து, கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டு வந்தவர். ஹோப்டவுனில் கைதிகளுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர். பேரரசின் உச்சியில் இருந்தவரை ஒரு கைதி வெறும் கத்தியால் வீழ்த்திய அந்த நிகழ்ச்சி, திறந்தவெளியில் கைதிகளை நடமாட விடுவது பற்றி ஆட்சியாளர்கள் மனத்தில் நீங்காத அச்சத்தை விதைத்தது.

நேரமிருந்தால் எதிர்க்கரையிலுள்ள ஹாரியட் மலைக்கும் போகலாம். 2021-ல் அதற்கு மணிப்பூர் மலை என்று பெயரிட்டார்கள். 1891 ஆங்கிலோ மணிப்பூர்ப் போருக்குப் பின் மன்னர் குலசந்திராவும் அவருடைய தோழர்களும் நாடு கடத்தப்பட்டு அங்கே வைக்கப்பட்டிருந்ததன் நினைவாக அந்தப் பெயர் வந்தது. சாத்தம் தீவின் மர அறுவை ஆலையை அவசரமாகப் பார்த்தாலே போதும்.

இரண்டாம் நாள்: சிறைக்குள்

மறுநாள் காலையில், திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். திறக்கும் நேரமும் விடுமுறை நாள்களும் மாறக்கூடியவை என்பதால் முந்தின நாளே கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. அந்தமானில் மாலை சீக்கிரம் இருட்டிவிடும். பிற்பகலில் போகிறவர்களுக்குக் கூட்டமும் அவசரமும்தான் மிச்சமாகும்.

உள்ளே போனதும் கொட்டடிகளை நோக்கி நடக்காமல், முதலில் காட்சிக்கூடத்தில் இருக்கும் பழைய கட்டடத்தின் மாதிரி உருவத்துக்கு முன் நில்லுங்கள். நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல ஏழு திசைகளில் பிரியும் மூன்று தள நீள்கட்டடங்கள். அவற்றில் 690-க்கும் மேற்பட்ட தனிக்கொட்டடிகள். கூடிப் படுக்கும் பொதுக்கூடம் எதுவும் கிடையாது. இன்று எஞ்சியிருப்பவை மூன்று கிளைகள்தான். 1941 நிலநடுக்கத்தாலும், போர்க்காலத்தாலும், விடுதலைக்குப் பிறகு நடந்த இடிப்பாலும் மற்ற நான்கும் போயின. அந்த இடத்தில் எழுந்த கோவிந்த் வல்லப பந்த் மருத்துவமனையைச் சிறை வளாகத்திலிருந்தே பார்க்கலாம். எஞ்சியவையும் போய்விடக் கூடாது என்று அங்கே அடைபட்டிருந்த முன்னாள் அரசியல் கைதிகளே போராடியதன் பயனாக, 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் இதைத் தேசிய நினைவுச்சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணித்தார். இன்று இல்லாத கிளைகளை மாதிரியைப் பார்த்து மனத்தில் நிரப்பிக்கொண்ட பிறகே உள்ளே செல்லுங்கள்.

இப்படி ஒரு கட்டடம் ஏன் தேவைப்பட்டது? 1890-ல் உள்துறைச் செயலாளர் லயலும் மருத்துவர் லெத்பிரிட்ஜும் குடியிருப்பை ஆய்வு செய்து அறிக்கை தந்தார்கள். இந்தியச் சிறைகளில் வாடுவதைவிட அந்தமானுக்குப் போவதையே கைதிகள் விரும்புகிறார்கள், தீவாந்தரம் என்ற சொல்லுக்கு இருந்த அச்சம் போய்விட்டது என்பதே அவர்களுடைய கவலை. ஆகவே, வந்திறங்கும் ஒவ்வொரு கைதியும் முதல் சில மாதங்களைக் கடுந்தனிமையில் கழிக்க வேண்டும், அதற்கு ஒரு தனிக்கொட்டடிச் சிறை வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தமானில் இருந்த கைதிகள் 12,000-ஐ ஒட்டியவர்கள். கொட்டடிகளோ எழுநூறுக்கும் குறைவு. எல்லோரையும் வைத்துப் பூட்டுவதற்காக இந்தச் சிறை கட்டப்படவில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. வருகிறவனின் மனத்தை முதலில் உடைத்து, பின்பு அவனை வேலைக் கூட்டத்தில் சேர்த்துவிடுவதற்கான ஆலை இது. கட்டியவர்களும் கைதிகளே.

இனி ஏதாவது ஒரு கிளையின் தாழ்வாரத்தில், நடுப்பகுதியில் உள்ள கொட்டடி ஒன்றைத் தேர்ந்தெடுத்து உள்ளே செல்லுங்கள். நீளம் 13.5 அடி, அகலம் 7.5 அடி. முன்புறம் இரும்புக் கம்பிக் கதவு. பின்சுவரில் ஏறக்குறைய 10 அடி உயரத்தில் ஒரு சிறு காற்றுத்துளை. கதவுக்கு எதிரே என்ன தெரிகிறது என்று பாருங்கள். எல்லாக் கிளைகளும் சேர்ந்து நின்ற காலத்தில், ஒவ்வொரு கிளையின் முகமும் அடுத்த கிளையின் முதுகைப் பார்த்தே இருந்தது. அந்த முதுகுச் சுவரில் உயரத்தில் காற்றுத்துளைகள் மட்டுமே உண்டு. அதனால், நூற்றுக்கணக்கான பேர் வாழ்ந்த இடத்தில், கொட்டடிக்குள் இருப்பவனுக்கு இன்னொரு கைதியின் முகம் தெரிய வழியே இல்லை.

அடுத்து, கதவுக்குப் பக்கத்தில் உள்ள தாழ்ப்பாளைப் பாருங்கள். இந்தச் சிறையில் நான் பார்த்தவற்றிலேயே அதிக நேரம் என்னை நிறுத்தி வைத்தது இதுதான். இரும்புத் தாழ் கதவோடு முடிந்துவிடாமல் நீண்டு போய், கதவைத் தாண்டிச் சுவருக்குள் குடையப்பட்ட ஒரு மாடத்துக்குள் முடிகிறது. பூட்டு தொங்குவது அங்கேதான். கம்பிகளுக்கு வெளியே கையை முழுவதுமாக நீட்டிப் பாருங்கள், எட்டாது. பூட்டைத் தொடுவது ஒருபுறம் இருக்கட்டும், உள்ளே இருப்பவனால் அதைக் கண்ணால் காணவும் முடியாது. தன்னைப் பூட்டியிருக்கும் பொருளைக்கூடப் பார்க்கக் கூடாது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து வரைபடம் போட்டிருக்கிறார்.

கோபுரத்துக்குப் போனதும் பலர் செய்யும் பிழை ஒன்றைத் தவிர்க்கலாம். நடுக்கோபுரத்திலிருந்து காவலாளி எல்லாக் கைதிகளையும் ஒரே பார்வையில் கண்காணிப்பார் என்று சொல்வார்கள். ஆங்கிலச் சிந்தனையாளர் பென்தம் கற்பனை செய்த சிறையோடு இதை ஒப்பிடுவார்கள். நீங்களே மேலே நின்று பாருங்கள். தாழ்வாரங்கள் நீளவாக்கில் தெரியும், கொட்டடிகளின் உட்புறம் தெரியாது. உள்ளே இருப்பவனை ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது இங்கே நோக்கமாக இருக்கவில்லை. அவனைத் தனியே விட்டுவிடுவதும், வெளியே வந்தால் உடனே தெரிந்துகொள்வதுமே நோக்கம்.

தனிமைக்கு எதிராகக் கைதிகள் கண்டுபிடித்த வழிகளை அவர்கள் எழுதிய நினைவுக்குறிப்புகளில் படிக்கலாம். சுவரைத் தட்டியும் விலங்கை ஒலிக்கச் செய்தும் சேதி சொல்லியிருக்கிறார்கள். கணேஷ் சாவர்க்கரும் அவருடைய தம்பி விநாயக் தாமோதர் சாவர்க்கரும் ஒரே சிறையில் இருந்தும் நெடுங்காலம் சந்திக்க விடப்படவில்லை. விநாயக் 1911 ஜூன் இறுதியில் சென்னைத் துறைமுகத்திலிருந்துதான் மகாராஜா என்ற கப்பலில் ஏற்றப்பட்டார். கல்கத்தா, ரங்கூன், சென்னை ஆகிய துறைகளிலிருந்து கைதிகளைச் சுமந்த கப்பல் அது.

பணிக்கூடம்

பெரும்பாலான பயணிகள் செக்குக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். செக்கில் கட்டப்பட்ட கைதி ஒரு நாளில் ஆட்டித் தர வேண்டிய தேங்காய் எண்ணெய் 30 பவுண்டு, அதாவது ஏறக்குறைய பதின்மூன்றரை கிலோ. கொப்பரையிலிருந்து அவ்வளவு எண்ணெய் எடுக்க எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது, ஊரில் மாட்டுச் செக்கைப் பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். அளவு குறைந்தால் தண்டனை. மற்றொரு வேலை தேங்காய் மட்டையை அடித்து நார் எடுத்து, அதைக் கயிறாகத் திரிப்பது. மட்டையின் சாறு பட்டுக் கைத்தோல் உரிந்துபோனதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். இரவு முழுவதும் கொட்டடிக்குள் ஒரு சட்டிதான் கழிப்பிடம். வெளியே விடப்படும் நேரங்கள் குறிக்கப்பட்டவை. அந்த நேரத்துக்கு உடல் இணங்க வேண்டும்.

சுற்றிலும் வைக்கப்பட்டுள்ள தண்டனைப் பொருள்களை வரிசையாகப் பாருங்கள்: கால்களை அகட்டியே வைத்திருக்கும் குறுக்குத்தண்டு விலங்கு, நாள் முழுவதும் நின்றபடி கைகளைச் சுவரில் பிணைக்கும் விலங்கு, கோணிச் சட்டை, கசையடிக்கு ஆளைக் கட்டும் முக்காலிச் சட்டம். தண்டனை உணவாகத் தரப்பட்டது கஞ்சி. அருகிலேயே மூன்று பேரை ஒரே நேரத்தில் தூக்கிலிடும் அளவுக்கு அமைந்த தூக்குக்கூடம்.

இவற்றைத் தனித்தனிக் கொடுமைகளாகப் பார்க்காமல், குறிப்பிட்ட மனிதர்களோடு பொருத்திப் பாருங்கள். அலிப்பூர் வழக்கின் இந்து பூஷண் ராய் 1912-ல் தன் கொட்டடிக்குள் துணியைக் கிழித்துத் தூக்கிட்டுக்கொண்டார். அதே வழக்கின் உல்லாஸ்கர் தத்தர் நிறுத்தி வைத்து விலங்கிடப்பட்ட பின் மனநிலை பிறழ்ந்து, கடைசியில் சென்னை மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அலகாபாத்தில் இதழாசிரியராக இருந்து தண்டிக்கப்பட்ட நந்த கோபால், செக்கை அவசரப்பட்டு இழுக்க மறுத்துத் தம் போக்கில் நிதானமாகவே சுற்றினார். வேலைநிறுத்தங்களின் தொடக்கம் அவரிடமிருந்துதான். உள்ளே நடந்தவை ஹோதிலால் வர்மா எழுதிக் கடத்திய கடிதத்தின் வழியே வங்காளப் பத்திரிகையில் வெளிவந்த பிறகுதான், உள்துறை உறுப்பினர் ரெஜினால்ட் கிராடக் 1913 அக்டோபரில் நேரில் வந்து பார்த்தார்.

நினைவுக்குறிப்புகளையும் மனுக்களையும் எடை போடுவது

இங்கே ஒரு கடினமான பகுதி உண்டு. அதைத் தவிர்த்துவிட்டுப் போவது நேர்மையாகாது. கிராடக் வந்தபோது சாவர்க்கர், பாரீந்திர குமார் கோஷ், ரிஷிகேஷ் காஞ்சிலால், நந்த கோபால், சுதீர் குமார் சர்க்கார் ஆகியோர் அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். சாவர்க்கர் அதற்கு முன்பும் பின்பும் மனுக்கள் அனுப்பினார். இன்றைய அரசியல் சண்டையில் ஒரு தரப்பு மனுக்களை மட்டுமே படிக்கிறது, இன்னொரு தரப்பு நினைவுக்குறிப்பை மட்டுமே படிக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மனு அதிகாரியின் கண்ணுக்காக எழுதப்படுவது. நினைவுக்குறிப்பு சிறையிலிருந்து விடுதலையான பின், வாசகர்களின் கண்ணுக்காக எழுதப்படுவது. இரண்டையும் எழுதியவர் மேற்சொன்ன அளவுள்ள கொட்டடியில் இருந்தவர் என்பதை மறக்காமல், ஆனால் எழுதப்பட்ட சொற்களையும் மழுப்பாமல் படிக்க வேண்டும்.

ஜெயிலர் டேவிட் பாரியைப் பற்றிய சித்திரம் கிட்டத்தட்ட முழுவதும் கைதிகளின் எழுத்திலிருந்தே நமக்குக் கிடைக்கிறது. கைதிகளிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டு மற்றக் கைதிகளை அடக்கி ஆண்ட டிண்டால், ஜமாதார், பெட்டி ஆபீசர் ஆகியோரைப் பற்றிய பகுதிகளில், எழுதியவருடைய மதக் கசப்பும் சாதி நோக்கும் கலந்திருப்பதைப் பார்ப்பீர்கள். அடித்தது உண்மை; அடித்தவனும் ஒரு தீவாந்தரக் கைதி என்பதும் உண்மை. ஆள் ஆளை அடிக்கும்படி அந்த ஏணியை அமைத்துக் கொடுத்தது நிர்வாகம்.

பெயர்ப் பலகைகள்

கோபுரத்துக்குள் சலவைக்கல் பலகைகளில் அரசியல் கைதிகளின் பெயர்கள், காலத்துக்கும் மாகாணத்துக்கும் ஏற்பப் பிரித்துப் பொறிக்கப்பட்டுள்ளன. வங்காளத்தின் பட்டியல்தான் மிக நீளமானது. 1932-க்குப் பிந்தைய பட்டியலுக்கு முன் கூடுதலாக நில்லுங்கள், ஏனென்றால் வழிகாட்டிகள் அதிகம் பேசாத காலம் அது. சிறைச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைக்குப் பின் 1921-ல் அரசியல் கைதிகளை அந்தமானிலிருந்து திருப்பி அழைத்த அரசு, 1932-ல் தன் முடிவையே மாற்றிக்கொண்டு மீண்டும் அனுப்பத் தொடங்கியது. 1933 மே 12 அன்று அவர்கள் உண்ணாநோன்பைத் தொடங்கினார்கள். விளக்கு, படிக்கப் புத்தகம், உண்ணத்தக்க உணவு ஆகியவையே அவர்களுடைய கோரிக்கைகள். மூக்கு வழியே ரப்பர்க் குழாயைச் செலுத்திப் பாலை வலிந்து ஊற்றியதன் விளைவாக மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா ஆகிய மூவரும் அதே மாதத்துக்குள் இறந்தார்கள். நோன்பு 46 நாள்கள் நீடித்தது. கோரிக்கைகள் பெருமளவு ஏற்கப்பட்டன. அதன் பிறகு கொட்டடிகளில் விளக்கெரிந்தது, வாசிப்பு வட்டங்கள் நடந்தன. 1937 ஜூலை இறுதியில் தொடங்கிய இரண்டாம் நோன்பின் கோரிக்கை, தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பு என்பதே. காந்தியும் தாகூரும் தலையிட்டார்கள். 1938 ஜனவரிக்குள் அரசியல் கைதிகள் அனைவரும் திரும்பினார்கள். இந்தச் சிறையை வென்றவர்கள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால், நான் இவர்களைத்தான் சொல்வேன்.

ஜப்பானியர் காலம்

1942 மார்ச் 23 அன்று ஜப்பானியர் இறங்கினார்கள். உளவு பார்த்ததாகச் சந்தேகித்து, உள்ளூர் மக்களையே இந்தக் கொட்டடிகளில் அடைத்து வதைத்தார்கள். இந்திய விடுதலைக் கழகத்தின் உள்ளூர்த் தலைவரான மருத்துவர் திவான் சிங் இங்கேயே சித்திரவதைக்குள்ளாகி, 1944 ஜனவரி 14 அன்று இறந்தார். அதே மாதம் 30 அன்று ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, 1943 டிசம்பர் 30 அன்று, சுபாஷ் சந்திர போஸ் இந்த ஊரில் மூவண்ணக் கொடியை ஏற்றியிருந்தார். அவர் சிறையையும் வந்து பார்த்தார். ஆனால் வதைபட்டுக்கொண்டிருந்தவர்களை அவர் சந்திக்க ஜப்பானியர் வாய்ப்பளிக்கவில்லை. போஸ் அமைத்த ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் இத்தீவுகளின் ஆளுநராக நியமிக்கப்பட்டவர் ஏ.டி. லோகநாதன் என்ற தமிழர். கல்வித்துறை தவிர வேறு அதிகாரம் எதையும் ஜப்பானியர் அவர் கையில் விடவில்லை. ஒலி ஒளிக் காட்சியில் இந்தக் காலம் விரைவாகக் கடந்து செல்லும். அன்று மாலையே அந்தக் காட்சியைப் பார்க்கிறீர்கள் என்றால், முற்றத்து அரசமரத்தின் குரலாக அது சொல்லும் கதையில் எவையெல்லாம் இருக்கின்றன, எவையெல்லாம் இல்லை என்பதை நீங்களே அறிந்துகொள்வீர்கள்.

பலகையில் இல்லாதவர்களைத் தேடுவது

செல்லுலார் சிறையில் காலம் கழித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அரசியல் கைதிகள் அல்லர். கொலை, கொள்ளை வழக்குகளில் தண்டிக்கப்பட்டு, சில மாதங்கள் கொட்டடியில் இருந்து, பின் பாசறைக்கும் வேலைக் கூட்டத்துக்கும் மாறி, ஆண்டுகள் கழித்து நிலம் உழுது பிழைக்க அனுமதிச் சீட்டுப் பெற்றவர்கள் அவர்கள். கழுத்தில் மரத்தால் ஆன அடையாளச் சீட்டு தொங்க வாழ்ந்த ஆண்களும் பெண்களும் மணந்து பெற்ற பிள்ளைகளின் வழியினர்தான் அந்தமானில் இன்று உள்ளூர்ப் பிறப்பினர் எனப்படும் சமூகத்தார். மலபார் முஸ்லிம்களின் 1921 மாப்பிள்ளை எழுச்சியில் தண்டிக்கப்பட்டு வந்தவர்கள் தங்கள் குடும்பங்களையும் வரவழைத்துக்கொண்டார்கள். வண்டூர், திரூர், மஞ்சேரி, காலிகட் என்று அந்தமானில் இன்றும் வழங்கும் ஊர்ப்பெயர்கள் அவர்கள் கொண்டுவந்தவை. வண்டூர்க் கடற்கரைக்குப் போகும் வழியில் உள்ள சிற்றூர்களில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாலே, காட்சிக்கூடத்தில் இல்லாத பல செய்திகள் கிடைக்கும். தமிழே போதும், அங்கே தமிழறிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒருவருடைய முன்னோர் எந்தக் குற்றத்துக்காக வந்தார் என்று நேராகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் குடும்பத்திலேயே யாராவது தீவாந்தரம் போனதாகப் பேச்சு இருந்தால், தேடலை அந்தமானில் தொடங்க வேண்டாம், சென்னை எழும்பூரில் தொடங்குங்கள். தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாண நீதித்துறை ஆவணங்கள் உள்ளன. தண்டனை பெற்ற ஆண்டு, மாவட்டம், வழக்கின் தன்மை ஆகிய மூன்றில் இரண்டேனும் தெரியாமல் உள்ளே போனால் பயனிருக்காது. ஆகவே முதலில் வீட்டுப் பெரியவர்களிடம், அவர் போனபோது எந்தப் பிள்ளை பிறந்திருந்தது, எந்தப் பஞ்சம் அல்லது எந்தக் கோயில் திருவிழாவை ஒட்டி நடந்தது என்று கேட்டு, ஆண்டை ஐந்தாறு ஆண்டு இடைவெளிக்குள் கொண்டு வாருங்கள். பெயரைத் தேடும்போது ஆங்கில எழுத்தர்கள் தமிழ்ப் பெயர்களை எழுதிய விதத்துக்குத் தயாராக இருங்கள்: கருப்பன், முத்தையா போன்ற பெயர்கள் நாலைந்து வடிவங்களில் கிடைக்கும், தந்தை பெயரும் ஊரும்தான் ஆளை உறுதிப்படுத்தும். அடுத்த கட்டம் தில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம். போர்ட் பிளேர் தொடர்பான உள்துறைக் கோப்புகள் அங்கே இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியை அந்தக் காப்பகத்தின் அபிலேக் படல் இணையதளத்தில் பெயர், ஆண்டு கொண்டு வீட்டிலிருந்தே தேடலாம். ஆளின் எண் ஒரு கோப்பில் கிடைத்துவிட்டால் அதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வரும் கோப்புகளில் பெரும்பாலும் பெயருக்குப் பதிலாக அந்த எண்தான் வரும்.